அமெரிக்க அதிபர்களின் கையொப்பங்களைச் சேகரிப்பது எப்படி: காகிதத்திலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

என் மேசையில் ஒரு நிலப் பட்டா இருக்கிறது. 1818-ஆம் ஆண்டில், ஜேம்ஸ் மன்றோ அமெரிக்க அதிபராக இருந்தபோது, பிரிட்டனுக்கு எதிரான 1812 போரில் பணியாற்றிய ஒரு படைவீரருக்கு இல்லினாய் நிலப்பரப்பில் 160 ஏக்கர் வழங்கி எழுதப்பட்ட பட்டா அது. பதப்படுத்திய தோலில் அச்சிட்ட வாசகங்களுக்கு நடுவே படைவீரரின் பெயரையும் நிலத்தின் விவரத்தையும் ஓர் எழுத்தர் கையால் நிரப்பியிருக்கிறார். ஓரத்தில் அரசின் காகித முத்திரை அழுந்தியிருக்கிறது. கீழே வலப்புறத்தில் மன்றோவின் கையொப்பம், அதற்கடியில் பொது நில அலுவலகத்தின் ஆணையர் ஜோசையா மெய்க்ஸின் கையொப்பம். லென்ஸ் வைத்துப் பார்த்தால், கீழிறங்கும் கோடுகளில் இறகுப் பேனாவின் நுனி விரிந்து மை தடித்திருப்பதும், மேலேறும் கோடுகளில் மயிரிழையாக மெலிந்திருப்பதும் தெளிவாகத் தெரிகின்றன.

புதிதாகச் சேகரிக்கத் தொடங்குபவர்கள் பெயரைத்தான் தேடுகிறார்கள். ஆனால் ஓர் ஆவணத்தில் போலி செய்வதற்கு மிக எளிதான பகுதி பெயர்தான். அந்தப் பெயர் ஏன் அங்கே எழுதப்பட்டது, யாருடைய கையால் எழுதப்பட்டது, அதன் பிறகு அந்தக் காகிதம் யார் யாரிடம் இருந்தது என்பவற்றைப் போலியாக உருவாக்குவது கடினம். எனவே இந்த வழிகாட்டியின் எல்லாப் படிகளும் இரண்டு கேள்விகளையே திரும்பத் திரும்பக் கேட்கும்: அதிபரின் கை இந்தக் காகிதத்தைத் தொட்டதா? என்ன வேலைக்காகத் தொட்டது?

முதல் படி: எல்லையை வகுத்துக்கொள்ளுங்கள்

அதிபர்களின் வரிசை எண் இப்போது 47-ஐ எட்டியிருந்தாலும், அப்பதவியில் அமர்ந்தவர்கள் 45 பேர்தான். குரோவர் கிளீவ்லண்டும் டொனால்டு டிரம்ப்பும் இடைவெளி விட்டு இரண்டு முறை பதவி வகித்ததால் இருமுறை எண்ணப்படுகிறார்கள். இந்த 45 பேரின் கையொப்பங்களையும் திரட்டி முழுத் தொகுப்பு அமைப்பது பழைய கனவு. நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகரில் வாழ்ந்த வில்லியம் ஸ்பிரேக் என்ற பாதிரியார் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே அத்தகைய தொகுப்பைத் தேடியவர். ஜார்ஜ் வாஷிங்டனின் கடிதக் கட்டுகளிலிருந்து, நகல் எழுதி வைத்துவிட்டு மூலங்களை எடுத்துச்செல்ல வாஷிங்டனின் உறவினர் புஷ்ராடிடம் அனுமதி பெற்றவர்.

அந்தக் கனவு உங்களுக்கு இருக்கலாம். ஆனால் அங்கிருந்து தொடங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. முழுத் தொகுப்பைத் துரத்துபவர், கிடைக்காத ஒருவருடைய கையொப்பம் ஏதாவது வடிவில் கிடைத்தால் போதும் என்ற அவசரத்தில், தரம் குறைந்ததையும் ஐயத்துக்குரியதையும் வாங்கிவிடுகிறார். அதற்குப் பதிலாக ஒரு காலத்தை, அல்லது ஓர் ஆவண வகையைத் தேர்ந்துகொள்ளலாம்: உள்நாட்டுப் போர்க்கால அதிபர்கள், நிலப் பட்டாக்கள், மன்னிப்பு ஆணைகள், ஓய்வுக்காலக் கடிதங்கள் என்று வரம்பு அமைந்தால் கண்ணும் விரைவில் பழகும்.

ஒரே மனிதரின் கையொப்பத்துக்குள்ளும் பெரும் வேறுபாடு உண்டு. வில்லியம் ஹென்றி ஹாரிசன் 1841-இல் பதவியேற்று ஒரே மாதத்தில் இறந்தார். இந்தியானா நிலப்பரப்பின் ஆளுநராகவும் படைத்தலைவராகவும் அவர் கையொப்பமிட்ட தாள்கள் சந்தைக்கு அவ்வப்போது வருகின்றன. அந்த ஒரு மாதத்தில், அதிபர் என்ற நிலையில் அவர் கையொப்பமிட்ட ஆவணமோ இத்துறையிலேயே அரிதானது. 1881-இல் சுடப்பட்டு இறந்த ஜேம்ஸ் கார்ஃபீல்டுக்கும், பதினாறு மாதங்களே ஆண்ட சாக்கரி டெய்லருக்கும் இதே நிலைதான். எனவே விவரக்குறிப்பில் ‘அதிபராக இருந்தபோது’ என்ற சொற்கள் உள்ளனவா என்று பார்ப்பதோடு நிற்காமல், ஆவணத்தின் தேதியைப் பதவிக்காலத்தோடு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்.

இரண்டாம் படி: ஆவண வகைகளை அறிந்துகொள்ளுங்கள்

வணிகர்களின் பட்டியல்களில் வரும் சுருக்கக் குறிகளை முதலில் பழகிக்கொள்ள வேண்டும். ஏ.எல்.எஸ். என்பது முழுக்கத் தம் கைப்பட எழுதிக் கையொப்பமிட்ட கடிதம். எல்.எஸ். என்றால் செயலர் எழுத, அதிபர் கையொப்பம் மட்டும் இட்டது. டி.எல்.எஸ். என்பது தட்டச்சுக் கடிதம், டி.எஸ். என்பது கையொப்பமிட்ட ஆவணம். மற்ற எல்லாம் ஒத்திருந்தால், கைப்பட எழுதிய கடிதத்துக்கே மதிப்பு அதிகம். தாளிலிருந்து வெட்டியெடுத்த தனிக் கையொப்பத்துக்கு மதிப்பு குறைவு.

ஆனால் வகையைவிட உள்ளடக்கமே விலையை முடிவு செய்கிறது. லிங்கன் கையொப்பமிட்ட படை அதிகாரி நியமனப் பத்திரங்கள் ஏராளமாக உள்ளன. அவை சில ஆயிரம் டாலர் அளவில் விற்கின்றன. அதே லிங்கன் 1864-இல், அடிமைக் குழந்தைகளை விடுவிக்கக் கோரி மாசசூசெட்ஸின் கன்கார்டு நகரச் சிறுவர் சிறுமியர் 195 பேர் அனுப்பிய மனுவுக்குக் கைப்பட எழுதிய பதில், 2008-இல் ஏலத்தில் 34 லட்சம் டாலருக்கு விற்பனையானது. வாஷிங்டன் தம் பதவியின் முதல் ஆண்டில் பயன்படுத்திய, அரசமைப்புச் சட்டமும் காங்கிரஸ் இயற்றிய சட்டங்களும் அடங்கிய தொகுதி, ஓரங்களில் அவர் எழுதிய குறிப்புகளோடு 2012-இல் ஏறத்தாழ 98 லட்சம் டாலருக்கு விலைபோனது. அதை வாங்கியவர்கள் அவர் வாழ்ந்த மவுண்ட் வெர்னன் இல்லத்தைப் பராமரிக்கும் சங்கத்தார். அதன் ஓரக்குறிப்புகளில், அதிபர் என்னென்ன செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறதோ அந்த இடங்களை அவர் தம் கையால் குறித்து வைத்திருந்தார். புதிய பதவி ஒன்றின் கடமைகளை அப்பதவியின் முதல் மனிதர் கற்றுக்கொள்ளும் காட்சியை அதில் காண்கிறோம்.

எளிய பட்ஜெட் உள்ளவர்களுக்கு நான் பரிந்துரைப்பவை மூன்று. மன்றோ, ஜான் குவின்சி ஆடம்ஸ் ஆகியோரின் நிலப் பட்டாக்கள் பல நூறு டாலர் முதல் ஆயிரத்தைச் சுற்றிய விலையில் கிடைக்கக்கூடியவை. இருநூறாண்டு பழமையான அரசு ஆவணத்துக்கு இது நியாயமான விலை. அடுத்தது, குற்றவாளி ஒருவருக்கான மன்னிப்பு ஆணையில் நாட்டின் முத்திரையைப் பதிக்குமாறு வெளியுறவுச் செயலருக்கு அதிபர் இடும் ஒற்றைத்தாள் உத்தரவு. 19-ஆம் நூற்றாண்டின் இடைக்கால அதிபர்கள் பலர் கையொப்பமிட்ட இத்தாள்கள் இன்றும் கிடைக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு மனிதரின் வழக்கு இருக்கிறது. மூன்றாவது, பதவியை விட்ட பிறகு ஹாரி ட்ரூமன் மிசூரி மாநிலத்தின் இண்டிபென்டன்ஸ் நகரிலிருந்து எழுதிய தட்டச்சுக் கடிதங்கள்.

வெட்டியெடுத்த கையொப்பங்களை நான் வாங்குவதில்லை. ஆல்பத்தில் ஒட்டுவதற்காகக் கடிதங்களின் அடிப்பகுதியைக் கத்தரிப்பது ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது. வரலாற்றாசிரியர் ஜேரட் ஸ்பார்க்ஸ், வாஷிங்டன் பயன்படுத்தாமல் விட்ட முதல் பதவியேற்பு உரையின் வரைவைத் துண்டு துண்டாக வெட்டி நண்பர்களுக்கு நினைவுப் பொருளாகக் கொடுத்துவிட்டார். அந்த உரையை முழுமையாகப் படிக்க இன்று யாருக்கும் வழியில்லை. ஒரு ஆவணம் உங்கள் கைக்கு வந்தால், எந்தக் காரணத்துக்காகவும் அதன் ஓரத்தைக்கூடக் கத்தரிக்காதீர்கள்.

மூன்றாம் படி: ஒருவருடைய கையை ஊன்றிப் படியுங்கள்

வாங்குவதற்கு முன் குறைந்தது மூன்று மாதங்களைப் பார்ப்பதற்காக மட்டுமே ஒதுக்குங்கள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் 23 அதிபர்களின் தாள்கள் உள்ளன; அவற்றின் படங்களை இணையத்தில் கட்டணமின்றிக் காணலாம். ஹூவர் தொடங்கிப் பிந்தைய அதிபர்களின் நூலகங்களைத் தேசிய ஆவணக் காப்பகம் நடத்துகிறது. இவற்றில் இருப்பவை சந்தைக்கு வராமல் காப்பகத்தில் தங்கியவை என்பதால், ஒப்பிடுவதற்கான மாதிரிகளை வணிகத் தளங்களிலிருந்து எடுக்காமல் இங்கிருந்தே எடுக்க வேண்டும்.

பார்க்கும்போது எழுத்தின் வடிவத்தைக் காட்டிலும் அதன் ஓட்டத்தைக் கவனியுங்கள். வாஷிங்டன் தம் முதற்பெயரை முழுக்க எழுதாமல் ‘ஜி’யையும் அதன் மேலே சிறிய ‘ஓ’வையும் மட்டும் இட்டு, அடுத்துக் குடும்பப் பெயரை எழுதுவார். ஜெஃபர்சன் வாக்கியங்களைச் சிறிய எழுத்தில் தொடங்குவது வழக்கம். அவர் கடிதம் என்று காட்டப்படும் ஒன்றில் ஒவ்வொரு வாக்கியமும் பெரிய எழுத்தில் தொடங்கினால் நின்று யோசிக்க வேண்டும். லிங்கன் கடிதங்களில் முதற்பெயரின் ஓரெழுத்தோடு குடும்பப் பெயரை இடுவார்; நியமனங்கள், பிரகடனங்கள் போன்ற அரசு ஆவணங்களில் முழுப்பெயரை எழுதுவார். அவருடைய சுருக்கக் கையொப்பத்தின் எழுத்துகள் ஒரே நேர்கோட்டில் அமராது. முதலெழுத்து தாழ்ந்தும், குடும்பப் பெயரின் முற்பாதி சற்று உயர்ந்தும், பிற்பாதி மேலும் உயர்ந்தும் படிக்கட்டுப் போல ஏறும்.

கை எப்போதும் ஒரே நிலையில் இருப்பதில்லை என்பதையும் மறக்கக் கூடாது. 1863 ஜனவரி 1 அன்று புத்தாண்டு வரவேற்பில் மணிக்கணக்காகக் கைகுலுக்கிவிட்டு வந்த லிங்கன், அடிமை விடுதலைப் பிரகடனத்தில் கையொப்பமிட உட்கார்ந்தபோது கை நடுங்கியது. கோடு நடுங்கியிருந்தால் தாம் தயங்கியதாகப் பின்னால் சொல்வார்கள் என்று கவலைப்பட்டு, சற்று நிறுத்தி, முழுப்பெயரை நிதானமாக எழுதினார். நோய், முதுமை, அவசரம், நின்றுகொண்டே எழுதியது ஆகிய எல்லாம் கோட்டில் தெரியும். அதனால்தான் ஒரே ஒரு மாதிரியோடு ஒப்பிட்டு உண்மை, போலி என்று தீர்ப்பு சொல்வது தவறாகும். அதே ஆண்டின் பத்து மாதிரிகளாவது வேண்டும்.

நான்காம் படி: கையொப்பம் அவருடைய கையால் இடப்பட்டதா?

யாரும் ஏமாற்ற நினைக்காமலேயே அதிபரின் கை படாத கையொப்பங்கள் லட்சக்கணக்கில் உள்ளன. பணம் பெரும்பாலும் இங்கேதான் வீணாகிறது.

நிலப் பட்டாக்களிலிருந்தே தொடங்கலாம். 1833 மார்ச்சில் வந்த ஒரு சட்டம், பட்டாக்களில் அதிபரின் சார்பாகக் கையொப்பமிடத் தனிச் செயலரை அமர்த்த அனுமதித்தது. அதற்கு முன்பு ஆண்ட்ரூ ஜாக்சன் தாமே கையொப்பமிட்டார். அதன் பின் அதிபரின் பெயரைச் செயலரே எழுதி, அதற்குக் கீழே தம் பெயரையும் எழுதினார். இன்றும் இணைய ஏலங்களில் வான் பியூரன், லிங்கன் போன்றோரின் பெயர் தாங்கிய பட்டாக்கள் ‘அதிபர் கையொப்பத்துடன்’ என்று விற்கப்படுகின்றன. ஆண்டு 1833-க்குப் பிந்தியதாக இருந்து, பெயருக்குக் கீழே ‘செயலர்’ என்ற குறிப்பும் இருந்தால், அது அழகிய பழைய ஆவணம் என்பதற்கு மேல் ஒன்றுமில்லை.

ஆண்ட்ரூ ஜான்சனுக்கு 1857-இல் நடந்த ரயில் விபத்தில் வலக்கை முறிந்தது. எழுதுவது அவருக்குத் துன்பமாக இருந்ததால், பதவிக்காலத்தில் பல நியமனப் பத்திரங்களில் கையொப்ப முத்திரை பயன்பட்டது. முத்திரையில் மை சீராகப் படிந்திருக்கும்; பேனா அழுத்தத்தின் தடம் தாளின் பின்புறத்தில் தெரியாது. அவர் கையால் இட்ட உண்மையான கையொப்பத்தின் விலை அதனாலேயே உயர்ந்துள்ளது.

20-ஆம் நூற்றாண்டுக்கு வந்தால் ஆட்டோபென். முன்கூட்டிச் செய்து வைத்த ஓர் அச்சைப் பின்பற்றி, இயந்திரக் கை ஒன்று உண்மையான பேனாவால் கையொப்பம் இடும். மை உண்மை, பேனா உண்மை. மனிதர் மட்டும் இல்லை. ஜான் கென்னடி செனட்டராக இருந்த காலத்திலேயே இதை மிகுதியாகப் பயன்படுத்தினார். போதாக்குறைக்கு அவருடைய செயலர் ஈவ்லின் லிங்கனும் அவர் பெயரை எழுதினார். கென்னடியின் சொந்தக் கையொப்பமோ நாளுக்கு நாள் மாறுவது. 2011 மே மாதம் பிரான்சில் இருந்த ஒபாமாவின் உத்தரவின்பேரில், வாஷிங்டனில் ஒரு சட்டமே ஆட்டோபென்னால் கையொப்பமிடப்பட்டது.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். தொடக்க ஆண்டுகளில், கென்னடி செனட்டராக இருந்தபோது ஒரு வாக்காளருக்கு எழுதிய கடிதத்தை, பல மாதச் சேமிப்பைக் கொடுத்து ஒரு வணிகரிடம் வாங்கினேன். மைக் கையொப்பம், சரியான கடிதத்தாள், உறைகூட இருந்தது. ஓராண்டு கழித்து வேறொரு விற்பனைப் பட்டியலில் இன்னொரு கடிதத்தின் படத்தைக் கண்டபோது ஏதோ உறுத்தியது. இரண்டையும் ஒரே அளவில் தெளிதாளில் அச்சிட்டு, ஜன்னல் கண்ணாடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தேன். வளைவு வளைவாக, கடைசிச் சுழிப்பு வரை, இரண்டு கோடுகளும் ஒன்றாகிவிட்டன. எந்த மனிதரும் தம் பெயரை இருமுறை ஒரேமாதிரி எழுத முடியாது. பணத்தைத் திருப்பிக் கேட்டேன். எழுத்து மூலமான உறுதி இல்லாததால் கிடைக்கவில்லை. அந்தக் கடிதத்தை நான் விற்கவில்லை. அதன் உறையில் ‘ஆட்டோபென்’ என்று எழுதி, ஒப்பிடுவதற்காகவே வைத்திருக்கிறேன்.

ஆட்டோபென்னுக்கான அடையாளங்களும் உண்டு: கோட்டின் தடிமனும் அழுத்தமும் தொடக்கம் முதல் இறுதி வரை மாறாமல் இருக்கும், பேனா தாளில் பட்டு நின்ற இடங்களில் சிறு மைப்புள்ளி காணும், நீண்ட வளைவுகளில் இயந்திர அதிர்வால் நுண்ணிய நடுக்கம் தெரியும். கடந்த எழுபது ஆண்டுகளின் அதிபர்கள் யாருடைய கையொப்பத்தை வாங்கினாலும், வெளியாகியுள்ள ஆட்டோபென் மாதிரிகளோடு மேலே சொன்னவாறு ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள்.

ஐந்தாம் படி: தாளையும் மையையும் விசாரியுங்கள்

பழைய மை மாசிக்காயையும் அன்னபேதி என்ற இரும்பு உப்பையும் கலந்து செய்யப்பட்டது. எழுதும்போது வெளிறியிருந்து, காற்றுப் பட்டதும் கறுத்து, பல பத்தாண்டுகளில் பழுப்பாக மாறித் தாளுக்குள்ளேயே ஊறிவிடும். தாளோ 19-ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதி வரை கந்தல் துணியிலிருந்து செய்யப்பட்டது. மரக்கூழ்த் தாள் அதன் பின்னரே பரவியது. அமெரிக்காவில் பந்துமுனைப் பேனா 1945-இல்தான் கடைக்கு வந்தது. எஃகு நிப்பின் இரு முனைகளும் தாளைக் கீறி இரட்டைத் தடம் விடும். இறகுப் பேனா அவ்வாறு கீறாது. இறகுப் பேனாக் காலத்தவரான வாஷிங்டனின் கடிதம் ஒன்றில் இரட்டைத் தடம் தெரிந்தால் அது போலி, மேற்கொண்டு பார்க்க வேண்டியதில்லை.

போலி செய்பவர்களும் இதை அறிவார்கள். பிலடெல்பியாவில் புத்தகக் கடை வைத்திருந்த ராபர்ட் ஸ்பிரிங், 19-ஆம் நூற்றாண்டில் பழைய நூல்களின் வெற்றுப் பக்கங்களைக் கிழித்து, காப்பி நீரால் கறையேற்றி, வாஷிங்டனின் அனுமதிச் சீட்டுகளையும் பண ஆணைகளையும் எழுதி விற்றார். 1930-களில் ஜோசப் கோசி, லிங்கன் உள்ளிட்ட பலரின் கையைப் பார்த்து எழுதினார். இவர்களுடைய தாள் பழையதுதான். ஆனால் பழைய தாளில் மேற்பூச்சுப் பசை நலிந்திருக்கும். அதன் மீது புதிதாக எழுதினால் மை கோட்டைத் தாண்டி இழை இழையாகக் கசியும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் இந்தக் கசிவு நன்றாகத் தெரியும். கையொப்பக் கோடு மடிப்பைக் கடக்கும் இடத்தையும் பாருங்கள்: மடிப்புக்குள் மை இறங்கிப் பரவியிருந்தால், மடிந்த பிறகே எழுதியிருக்கிறார்கள் என்று பொருள். 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதித் தாள்களில் வெண்மையூட்டும் வேதிப்பொருள் உண்டு. புற ஊதா விளக்கின் கீழ் அவை நீலமாக ஒளிரும், பழைய தாள் மங்கியே கிடக்கும்.

ஆறாம் படி: வாங்கும் இடமும் கேட்க வேண்டிய கேள்விகளும்

கையெழுத்து ஆவணங்களையே தொழிலாகக் கொண்ட வணிகர்களிடமும், இத்துறைக்குத் தனிப்பிரிவு வைத்திருக்கும் கிறிஸ்டீஸ், சோத்பீஸ், ஹெரிட்டேஜ், ஆர்.ஆர். ஆக்ஷன் போன்ற ஏல நிறுவனங்களிலும் வாங்குவது நல்லது. ஏலத்தில் சுத்தியல் விழும் விலையோடு வாங்குபவர் கட்டணமும் சேரும். அது இருபது விழுக்காட்டைத் தாண்டுவது வழக்கமாகிவிட்டதால், உங்கள் உச்ச வரம்பை அதையும் கூட்டியே முடிவு செய்யுங்கள்.

விற்பவரிடம் மூன்றை எழுத்தில் பெறுங்கள்: இது அவருடைய சொந்தக் கையொப்பம் என்ற உறுதி, போலியென்று தெரிந்தால் காலவரம்பின்றிப் பணம் திரும்பும் என்ற உறுதி, ஆவணம் இதற்கு முன் இருந்த இடங்களின் வரலாறு. மெய்ச்சான்று அட்டை ஒன்று உடன் வருவதால் மட்டும் எதுவும் நிறுவப்படுவதில்லை. அதை வழங்கியவர் யார், அவர் வார்த்தைக்குப் பணத்தால் பொறுப்பேற்பாரா என்பதுதான் கேள்வி.

உடைமை வரலாற்றைக் கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2011-இல் பேரி லாண்டாவ் என்பவர் தம் கூட்டாளியோடு பால்டிமோரில், மேரிலாந்து வரலாற்றுக் கழகத்தில் ஆவணங்களைத் திருடியபோது பிடிபட்டார். பிராங்கிளின் ரூஸ்வெல்ட் கையில் வைத்துப் படித்த உரைப்பிரதிகளைக்கூட அவர் திருடியிருந்தார். அவற்றுள் சில சந்தையில் விற்கப்பட்டும் இருந்தன. அவருக்கு ஏழு ஆண்டுகள் சிறைத்தண்டனை கிடைத்தது. திருட்டுப் பொருளை அறியாமல் வாங்கியவருக்கும் அது சொந்தமாகாது. காப்பகங்களின் வரிசை எண், சுரண்டி அழித்த முத்திரைத் தடம், பென்சில் குறியீடு ஆகியவை தாளின் ஓரத்தில் தெரிந்தால் விளக்கம் கேளுங்கள். மேலும், 1978-இல் இயற்றிய சட்டப்படி, 1981 ஜனவரி முதல் அதிபரின் அலுவல் ஆவணங்கள் பொதுமக்களின் சொத்து. அக்காலத்துக்குப் பிந்திய வெள்ளை மாளிகையின் உள்ளலுவல் தாள் எதுவும் விற்பனைக்கு வந்தால் விலகி நிற்பதே முறை. அதிபர் பிறருக்கு எழுதியனுப்பிய கடிதமும் கையொப்பமிட்டுக் கொடுத்த படமும் வேறு, அவை பெற்றவருக்கே உரியவை.

ஏழாம் படி: வீட்டில் வைத்துக் காப்பது

அமிலம் இல்லாத கோப்பில், பாலியெஸ்டர் உறைக்குள், தட்டையாக வையுங்கள். ஒட்டும் நாடா, லேமினேஷன், சாதாரண பிளாஸ்டிக் உறை மூன்றும் கூடாது. மடிந்த தாளை வலிந்து விரிக்க வேண்டாம். அதைக் காகிதப் பாதுகாப்பு வல்லுநரிடம் விட்டுவிடுங்கள். ஈரப்பதம் 35 முதல் 50 விழுக்காட்டுக்குள் ஏற்ற இறக்கமின்றி இருக்க வேண்டும். சுவரில் மாட்ட விரும்பினால் நல்ல நகலை மாட்டுங்கள். வெயில் படும் சுவரில் சில ஆண்டுகள் தொங்கினாலே மாசிக்காய் மை வெளிறிவிடும், வெளிறியது திரும்பாது.

ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பேட்டுப் பக்கம் ஒதுக்கி, வாங்கிய தேதி, விலை, விற்றவர், ஒப்பிட்ட மாதிரிகளின் இருப்பிடம், ரசீதின் நகல், இருபுறப் படங்கள் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். உங்களுக்குப் பின் இதைப் பெறுபவரிடம் கேட்கப்படும் உடைமை வரலாறு இதுதான். கோப்பின் மேல் எழுதுவதாக இருந்தால் பென்சிலால், ஆவணத்தை உள்ளே வைப்பதற்கு முன்பே எழுதிவிடுங்கள். உள்ளே வைத்த பிறகு எழுதினால், உங்கள் எழுத்தின் அழுத்தம் மன்றோவின் கையொப்பத்தின் மீது பதிந்துவிடும்.